மூலமும் இடைச்செருகலும்



தமிழில் நூல் பயின்றோர்க்கு மூலம் என்னும் சொல் புதியதன்று. ‘மூலமும் உரையும்’ என முகப்பில் அச்சிட்ட நூல்களிலேயே இலக்கியக் கல்வி தொடங்குகிறது. உரை எத்துணைச் சிறந்ததாயினும், மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரையாசிரியரோடு மாறுபடும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. மூலத்தை மறைத்து உரையை மட்டும் தருவாராயின், அவர் சொன்னதை நம்புவதன்றி வேறு வழியில்லை. கணினித் துறையில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் பெருவழக்கு ஒன்று இச்சொல்லைப் பற்றியதே. மென்பொருளை மனிதர் எழுதும்போது அது படிக்கத்தக்க வரிகளாக இருக்கிறது. அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்வரிசையாக மாற்றப்படுகிறது. விலைக்கு வருவது பெரும்பாலும் இம்மாற்றுருவமே. மூலநிரலையும் உடன் வைத்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவளிப்பது திறமூல மென்பொருள் எனப்படும்.

இவ்வழக்கு எங்கோ நடப்பது, கவிதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவுவோர் இவ்வவையில் இருத்தல் கூடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘கொ’ என்று ஓர் எழுத்தைத் தட்டும்போது ககரத்தின் முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே துணைக்காலும் வந்தமைய வேண்டும். நினைவகத்தில் மெய்யும் உயிர்க்குறியும் ஒன்றன்பின் ஒன்றாகவே கிடக்கின்றன. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்தும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரல். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றிலும் எழுத்தை அமைப்பது அதுவே. அதனை நெடுங்காலம் வளர்த்தெடுத்தவர் ஈரானில் பிறந்து கனடாவில் பயின்ற பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர். நிரலின் பெயரும் பாரசீகச் சொற்களால் ஆயது: ஹர்ஃப் எனின் எழுத்து, பாஸ் எனின் திறந்தது. இன்று கைப்பேசியில் எழுதப்படும் தமிழ்க் கவிதை பலவற்றில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்பதற்கு, கவிஞர் பெயரறியாத ஒருவரின் உழைப்பு காரணமாக இருக்கிறது. அவ்வுழைப்பிற்கு ரெட் ஹாட், கூகுள், ஃபேஸ்புக் ஆகிய நிறுவனங்கள் பல்வேறு காலங்களில் ஊதியம் கொடுத்துள்ளன என்பதும் உடன் கருதத்தக்கது. வழக்கு ஒருபக்கமாகத் தீர்வதற்கில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

இனி வழக்கின் தோற்றம். 1980ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முன்பிருந்த பொறியில் அவ்வாறு நேர்ந்தால் கணினி வழியே செய்தி வருமாறு நிரலைத் திருத்தி வைத்திருந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கோ மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், பிறர்க்குக் காட்டுவதில்லை என வாக்களித்திருந்தமையால் மறுத்துவிட்டார். ஒரு தாள் சிக்கியதில் தொடங்கிய மனத்தாங்கல், 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் குனு பொது உரிமமாக வடிவு கொண்டது. எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆயின் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குங்கால் மூலத்தை மறைத்தலாகாது என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், இவ்வியக்கத்தார் தாம் கருதிய பொருள் இன்னது என விளக்கியே களைத்தனர். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. வணிகர் அஞ்சாதிருக்கும் பொருட்டு 1998இல் ‘திறமூலம்’ எனப் பொருள்படும் புதுப்பெயர் ஆங்கிலத்தில் இடப்பட்டது. அது பெயரளவில் நிற்கவில்லை. விடுதலை என்ற சொல் இருந்த இடத்தில் பயன் என்ற சொல் வந்து அமர்ந்தது. வணிகரும் அதன்பின் அஞ்சவில்லை. லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டு 2001இல் பேசியவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அந்நாள் தலைவர் ஸ்டீவ் பால்மர். அதே நிறுவனம் திறமூல நிரல்கள் மிகுதியும் வைக்கப்படும் கிட்ஹப் என்னும் களஞ்சியத்தை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக 2018இல் அறிவித்தது. 2019இல் ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 3400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பகைத்த காலத்தில் வழக்கு எளிது. எதிரி இன்னார் என விரல் நீட்டலாம். அணைத்துக்கொண்ட பின்னரே சிக்கலாயிற்று.

இச்சிக்கலுக்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் நிரல். ஷே பேனன் என்பவர் 2010இல் வெளியிட்ட அதனைச் சுற்றி ஒரு நிறுவனம் எழுந்தது. 2015இல் அமேசான் அந்நிரலையே எடுத்துத் தன் வாடகைக் கணினிச் சேவையில் வைத்து விற்கலாயிற்று. உரிமம் அதற்கு இடமளித்தது. களவு என்று கூற இயலாது. 2021 சனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் உரிமத்தை இறுக்கியது. உடனே அமேசான் பழைய மூலத்தைப் படியெடுத்து ஓப்பன்சர்ச் என்னும் கிளையைத் தோற்றுவித்தது. 2024இல் எலாஸ்டிக் மீண்டும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. இதனைக் குறித்து எழுந்த வாதங்கள் பல. பெருநிறுவனம் பிறர் விளைச்சலை அள்ளியது என்பார் ஒருசாரார். கொடுத்த வாக்கை நிறுவனமே மாற்றியது என்பார் மறுசாரார். இருசாரார் கூற்றும் உண்மையே. ஆயினும் இஃது இரு வணிகர்க்கிடையே நடந்த வருவாய் வழக்கு. இருவரிடமும் ஊழியர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. விவாதங்களில் பெரும்பகுதியை இத்தகைய வழக்குகளே விழுங்கிவிடுவதால், வழக்குமன்றம் ஏற வழியற்றவர் நிலை பேசப்படாமற் போகிறது.

அத்தகையோர் நிலை வெளிப்பட்டது 2014 ஏப்ரலில். இணையத்தில் இரு கணினிகள் மறைகுறியில் பேசிக்கொள்ளப் பெரும்பாலான வழங்கிக் கணினிகள் சார்ந்திருந்தது ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் நிரலை. தொடர்பு அறுந்துவிடவில்லை என அறிய, ஒரு கணினி ஒரு சொல்லை அனுப்பி, ‘இஃது இத்தனை எழுத்துடையது, திருப்பிச் சொல்’ எனக் கேட்கும் ஏற்பாடு அதில் இருந்தது. சொன்ன நீளமும் அனுப்பிய சொல்லின் நீளமும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்க்கும் வரி விடுபட்டிருந்தது. 3 எழுத்துச் சொல்லை அனுப்பி 64,000 எழுத்து எனப் பொய் சொன்னால், மறுகணினி அம்மூன்றெழுத்தோடு நினைவகத்தில் அடுத்துக் கிடந்தவற்றையும் அள்ளிக் கொடுக்கும். அங்கே கிடப்பது ஒருவர் கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். மறைகுறித் திறவுகோலாகவும் இருக்கலாம். 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பில் நுழைந்த இப்பிழை, ஈராண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. மூலமோ உலகெங்கும் திறந்தே கிடந்தது.

பிழை வெளிப்பட்டபின் அறிய வந்த செய்தியே பெரிது. உலக வணிகத்தின் பூட்டாக விளங்கிய அந்நிரலுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2000 டாலர். முழுநேரமும் அதில் உழைத்தவர் ஒருவர். படிப்போர் பலராயின் பிழை மறைந்திருக்க இயலாது என்னும் கருத்தை எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்தார். அது திறமூல இயக்கத்தாரிடையே பழமொழிபோல் வழங்கிவந்தது. அதில் ‘படிப்போர் பலராயின்’ என்னும் நிபந்தனையை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. படிக்கலாம் என்னும் இசைவு வேறு, படித்தல் என்னும் தொழில் வேறு. ஏட்டுச்சுவடிகள் மடங்களிலும் வீடுகளிலும் பரண்மேல் கிடந்தன; எடுத்துப் படிக்கத் தடையில்லாத இடங்களும் இருந்தன. ஆயினும் ஏடு ஏடாக ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்ற ஓர் உ.வே.சா. வேண்டியிருந்தது.

கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் அம்மாத இறுதியிலேயே ஒன்றுகூடி, லினக்ஸ் அறக்கட்டளையின் வழியே நிதியம் அமைத்தன. நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகள் தர உடன்பட்டது. நன்று. ஆனால் எரிந்த வீட்டிற்குத்தான் தண்ணீர் சென்றது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் வேறொரு நிரலில் பெருந்துளை வெளிப்பட்டபோது, பிறிது வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் அதனைப் பேணிவந்தோர் இரவு பகலாய் விழித்திருந்து அடைக்க நேர்ந்தது.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாதந்தோறும் அழைப்பு அனுப்புபவர், மண்டபத்துச் சாவி வாங்கி வருபவர், கூட்டம் முடிந்தபின் விளக்கணைப்பவர் எல்லாம் பல ஊர்களிலும் ஒருவரே. அவர் நோயுற்ற மாதம் கூட்டம் இல்லை.

அத்தகைய ஒருவரே பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். கோப்புகளைச் சுருக்கி அடக்கும் எக்ஸ்இசட் என்னும் நிரலைப் பதினைந்து ஆண்டளவாக ஊதியமின்றிப் பேணிவந்தவர். லினக்ஸ் இயங்கும் கணினிகளில் அந்நிரல் இல்லாத இடம் அரிது. 2021இன் இறுதியில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் சிறுசிறு திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022இல், அதற்கு முன்னும் பின்னும் எங்கும் காணப்படாத சில பெயர்களிலிருந்து காலினுக்குப் பொதுமடல்கள் வந்தன. திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்பதே முறை என்பது அவற்றின் தொனி. நெடுநாளைய மனநலச் சோர்வால் தம் கவனம் குன்றியிருப்பதையும், இஃது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என்பதையும் காலின் வெளிப்படையாகவே விடையாக எழுதினார். அவ்விடையைப் படித்து உதவிக்கு வந்தவர் எவர்? நிரலைப் பயன்கொண்ட நிறுவனம் ஒன்றும் வரவில்லை. வந்தவர் ஜியா டான்.

பொறுமையும் பணிவும் உடையவராகவே அவர் நடந்துகொண்டார். இணைப் பொறுப்பாளரானார், 2023 முதல் புதிய வெளியீடுகளைச் செய்பவரும் ஆனார். 2024 பிப்ரவரியில் 5.6.0 என்னும் பதிப்பும், மார்ச்சில் 5.6.1 என்னும் பதிப்பும் வந்தன. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் வாயிலில், குறிப்பிட்ட திறவுகோல் உடையவர் மட்டும் ஓசையின்றி நுழைந்து எதுவும் செய்யத்தக்க கள்ளவழி அவற்றில் இருந்தது. அவ்வாயிலைக் காக்கும் நிரல் எக்ஸ்இசட்டை நேரே பயன்படுத்துவதும் இல்லை. சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தம் வசதிக்காக இடையே சேர்த்த மற்றொரு நிரலின் வழியே இரண்டும் பிணைந்திருந்தன. பூட்டுச் செய்தவரே எண்ணாத வழி அது.

இங்கே மூலபாட ஆய்வில் பழகியோர் உற்றுநோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. களஞ்சியத்தில் எல்லார்க்கும் தெரியத் திறந்திருந்த மூலத்தைப் படித்தவர்க்குக் கள்ளவழி தென்பட்டிராது. தீய பகுதி, சோதனைக்கென வைத்த கோப்புகளுக்குள் மறைகுறியாய்க் கிடந்தது. அதனைத் தட்டியெழுப்பும் வரியோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிக் கொடுத்த பொதியில் மட்டும் இருந்தது. கம்பராமாயண ஏடுகளில் வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தன என வழங்கும் பாடல்களை ‘வெள்ளி பாடல்’ என்பர். பாடிச் சேர்த்தவர்க்குக் கம்பன்மேல் அன்பு இருந்திருக்கலாம். அந்த இடைச்செருகலால் எவர் வீடும் கொள்ளை போகவில்லை. இங்கே நிகழ்ந்ததும் இடைச்செருகலே. ஆசிரியர் ஏடு ஒருவிதமாகவும், ஊராருக்குப் போன படி வேறுவிதமாகவும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாடவேறுபாடு பார்க்க ஒருவரும் அமர்த்தப்படவில்லை.

கண்டுபிடித்தவர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ந்த். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள நிரலின் ஆக்குநர்களுள் ஒருவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துப் பொறியாளர். வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டார். பிறர் விட்டுவிடக்கூடிய அரை நொடி. அவர் விடவில்லை, நூலைப் பிடித்துக்கொண்டே சென்று, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன், ஃபெடோரா முதலியவற்றின் சோதனைப் பதிப்புகளில் நஞ்சு ஏறியிருந்தது. பெருவழக்கிலுள்ள நிலைப்பதிப்புகளுக்கு இன்னும் பரவவில்லை. சில வாரங்கள் கழிந்திருப்பின் நிலை வேறு. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கியவர் ஒருவரா பலரா, எவர் ஏவலில் இயங்கினர் என்பன பொதுவெளியில் உறுதிப்படவில்லை.

கண்டவர் பெருநிறுவன ஊழியர் என்பதை இயக்கத்தார் சிலர் மெல்லக் கடந்துவிடுகின்றனர். அது நேர்மையன்று. லினக்ஸின் கருநிரலில் இன்று சேரும் வரிகளுள் பெரும்பகுதி நிறுவனங்கள் ஊதியம் கொடுத்து எழுதுவித்தவையே. நிறுவனங்கள் கொடுப்பதில்லை என்பது பொய். தம் கண்ணெதிரே நிற்கும் கோபுரத்திற்குக் கொடுக்கின்றன; மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கல்லை நினைப்பதில்லை. எக்ஸ்இசட் போன்ற சிறுநிரல்கள் பளபளப்பற்றவை, பல்லாண்டுகளாகப் பழுதின்றி ஓடுபவை. பழுதின்றி ஓடுவதாலேயே அவற்றின் பின்னே ஒரு மனிதர் இருப்பது மறந்துபோகிறது.

மற்றொரு போக்கும் அண்மையில் தலைகாட்டியுள்ளது. 2025இல் கூகுள் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு திறமூல நிரல்களில் பிழை தேடலாயிற்று. ஒளிப்படக் காட்சிகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரலில், 1995இல் வந்த பழைய விளையாட்டு ஒன்றின் படச்சுருளை வாசிக்கும் பகுதியில் அது பிழை கண்டறிந்தது. பிழை மெய்யே. எனினும் பிழைப் பட்டியலும் அதனை வெளியிடும் கெடுநாளும் வந்த வேகத்தில் திருத்தமும் பொருளும் வரவில்லை என்று நிரலைப் பேணும் தன்னார்வலர் சினந்தனர். பொறியைக் கொண்டு குற்றம் காண்பது எளிதாகிவிட்ட காலத்தில், குற்றம் களைவோர் தொகை கூடவில்லை. அவைகளில் குற்றம் சொல்லும் புலவர்க்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஏடு பெயர்த்து எழுதுவோர்தாம் என்றும் சிலர்.

உரிமங்களை மேலும் இறுக்கினால் இது தீரும் என்று வாதிடுவோர் உளர். எவ்வுரிமம் எழுதியிருந்தால் காலினுக்கு 2022இல் ஒரு துணையாள் கிடைத்திருப்பார் என்று அவர்கள் சொல்வதில்லை. உரிமம் மூலத்தை மறைக்காதே எனக் கட்டளையிடும். மூலத்தை வந்து படி எனக் கட்டளையிட அதனால் இயலாது. ஜெர்மனி அரசு 2022 முதல் பொது நிதியிலிருந்து இத்தகைய அடித்தள நிரல்களுக்குப் பணம் வழங்கிவருகிறது. பணம் வேண்டுவதே. ஆனால் பணம் வாங்கும் நிலையிலும் இல்லாத களைப்பு ஒன்றுண்டு. அங்கே வேண்டுவது பக்கத்தில் அமர்ந்து படிக்கும் இன்னொருவர். நிறுவனங்களிடம் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் ஊதியம் பெற்று இருக்கின்றனர். அவர்களுள் சிலரை, தம் பொருளுக்கென்று இல்லாமல், தாம் எடுத்தாளும் சிறுநிரல்களைப் படிப்பதற்கென்றே அனுப்புக என்று கேட்பது மிகையான கோரிக்கையாகாது. வந்தவர் முகமும் பெயரும் உடையவராக, நிறுவனத்தின் பொறுப்பில் வருவாராயின், முகமற்ற ஜியா டான்களை நம்பவேண்டிய நெருக்கடியும் குறையும்.

கள்ளவழி வெளிப்பட்ட நாளில் கிட்ஹப் களஞ்சியம் எக்ஸ்இசட் நிரலின் பக்கத்தை மூடிற்று. ஜியா டானின் கணக்கோடு காலினின் கணக்கும் முடக்கப்பட்டது. தாம் எழுதிய மூலத்துக்குள் தாமே நுழைய இயலாமல் அவர் சில நாள் வெளியே நின்றார். பின்னர் கணக்கும் பக்கமும் திரும்பத் தரப்பட்டன. ஜியா டான் சேர்த்த திருத்தங்களைப் படித்துப் பார்த்து, ஒவ்வாதவற்றை நீக்கி, 5.6.2 என்னும் பதிப்பைக் காலின் 2024 மே 29 அன்று வெளியிட்டார்.